டிக்கியில் கிடக்கும் குழாய்த் துண்டு

பஞ்சரான சக்கரத்தைக் கழற்றும்போது, காரோடு வந்த வீல் ஸ்பேனரை முழு பலத்துடன் அழுத்தியும் நட்டு அசையாமல் தவித்த அனுபவம் கார் வைத்திருப்போர் பலருக்கும் உண்டு. அனுபவமுள்ள மெக்கானிக் அந்நேரத்தில் தேடி எடுப்பது, பெரும்பாலும், வீட்டுக் குழாய் வேலையில் மிஞ்சிய ஒரு துண்டு இரும்புக் குழாய்தான். அதை ஸ்பேனரின் கைப்பிடியில் செருகி மெல்ல அழுத்தினால், சிறு முனகலுடன் நட்டு இளகிவிடுகிறது.

ஒரு நட்டைத் திருப்பும் முறுக்குவிசை என்பது, நாம் செலுத்தும் விசையையும் நட்டின் மையத்திலிருந்து நம் கை இருக்கும் தொலைவையும் பெருக்கி வருவது. சிறிய கார்களின் சக்கர நட்டுகள் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கப்படுகின்றன. அதே அளவு முறுக்குவிசையைத் திரும்பச் செலுத்த, 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரில் சுமார் 40 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும்; குழாயைச் செருகிக் கை இருக்கும் தொலைவை 75 சென்டிமீட்டராக நீட்டினால் பதின்மூன்றரை கிலோவே போதும். துருப்பிடித்த நட்டுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும், ஏனெனில் இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேல் பெருகி, மரைகளின் நுண்ணிய இடைவெளிகளை ஆப்பு வைத்தாற்போல் அடைத்துக்கொள்கிறது. இந்த வேலையை ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே செய்ய வேண்டும்.

கழற்ற உதவும் இதே குழாயை இறுக்கப் பயன்படுத்துவது ஆபத்தானது. நட்டு ஏறியிருக்கும் போல்ட் என்பது உண்மையில் மிகக் கடினமான ஒரு சுருள்வில் போன்றது. இறுக்கும்போது அது மயிரிழையளவு நீண்டு, பழைய நிலைக்குத் திரும்ப முயலும் அந்த இழுவிசையால்தான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மீட்சி எல்லையைத் தாண்டி நீட்டிவிட்டால் அது பழைய நீளத்துக்கு முழுமையாகத் திரும்பாது. பின்னர் ஏதோ ஒரு நாள் சாலையில் முறியக்கூடும்.

குழாய் கையை நீட்டுவது போல, நீண்ட திருப்புளி காதை நீட்டுகிறது. எஞ்சினிலிருந்து வரும் கரகரப்பு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கிலிருந்து வருகிறதா, தண்ணீர்ப் பம்பிலிருந்து வருகிறதா என்பதைக் காற்றின் வழியாகக் கேட்டுச் சொல்வது கடினம். உலோகத்தில் உண்டாகும் அதிர்வு காற்றுக்குத் தாவும்போது, அதன் ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கடந்து வருகிறது. வந்த சிறு பகுதியும் போனட்டுக்குள் எங்கெங்கோ எதிரொலித்துக் கலந்துவிடுகிறது. திருப்புளியின் முனையைச் சந்தேகத்துக்குரிய பாகத்தின் மீது ஊன்றி, பிடியைக் காதின் முன்புறமுள்ள எலும்பில் அழுத்தினால், அதிர்வு காற்றைத் தொடாமலே உட்காதை அடைகிறது. பாரிஸ் மருத்துவர் லேனெக் 1816இல் சுருட்டிய காகிதத்தை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் ஏறத்தாழ இதே உத்திதான். ஓடும் பெல்ட்டிலிருந்தும் விசிறியிலிருந்தும் சட்டையையும் தலைமுடியையும் விலக்கி வைத்திருப்பது மட்டும் கட்டாயம்.

ஆனாலும் ஒரே ஒரு கருவிதான் வாங்கலாம் என்றால், வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகியவற்றை அளக்கும் சில நூறு ரூபாய் மல்டிமீட்டரையே நான் பரிந்துரைப்பேன். சில மணி நேரம் ஓய்விலிருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜில் இருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம். இவ்வளவும் பலர் அறிந்ததே. பலர் அறியாதது, பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் எடுக்காத காரில் இந்தக் கருவி செய்யும் வேலை.

செல்ஃப் மோட்டார் சுழலும்போது சிறிய காரிலும் 150 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்கிறது. பேட்டரியின் ஈயமுனைக்கும் அதைக் கவ்வும் கிளாம்ப்புக்கும் இடையே அழுக்கினால் 0.01 ஓம் தடை உண்டானால், அந்த ஒரே இடத்தில் 1.5 வோல்ட் வீணாகி, 225 வாட் வெப்பமாகிறது. இத்தனை சிறிய தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவையில் காண முடியாது, ஏனெனில் அதன் சொந்தக் கம்பிகளின் தடையே அதைவிடப் பல மடங்கு. ஆகவே வோல்ட் அளவையில் வைத்து, ஒரு முனையை ஈயமுனையிலும் மறுமுனையைக் கிளாம்ப்பிலும் தொட்டுக்கொண்டு, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். பழுதற்ற இணைப்பு ஏறக்குறைய சுழியம் காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் புதிய பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் இணைப்பைச் சுத்தம் செய்யலாம். தவறியும் ஆம்பியர் அளவையில் வைத்து இதைச் செய்யக் கூடாது.

சுத்தம் செய்யும் பொருள் சமையலறையில் இருக்கிறது. கிளாம்ப்பில் பூத்திருக்கும் வெண்மையும் நீலமும் கலந்த உப்பு, கசிந்த கந்தக அமிலம் ஈயத்தையும் செம்பையும் அரித்ததால் உண்டானது. எதிர்முனைக் கிளாம்ப்பை முதலில் கழற்றி, பிறகு நேர்முனையையும் கழற்றியபின், தண்ணீரில் கரைத்த ஆப்ப சோடாவைப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால், அமிலம் எஞ்சியுள்ள இடமெல்லாம் கார்பன் டை ஆக்சைடு நுரைக்கும்; நுரை அடங்கினால் அமிலம் தீர்ந்தது என்று பொருள். கரைசல் பேட்டரி மூடிகளின் வழியே உள்ளே இறங்கினால் அங்கு வேண்டிய அமிலத்தையும் அது முறித்துவிடும்.

பழைய கார் வாங்கச் செல்பவர்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தையும் துணியில் சுற்றி எடுத்துச் செல்லலாம். இடைவெளி சற்றே கூடினாலும் காந்த ஈர்ப்பு வேகமாகக் குறைவதால், நசுங்கிய தகட்டின் மேல் பட்டி தடவிப் பெயின்ட் அடித்த இடத்தில் அது வழுக்கி விழும். சில கார்களில் போனட் அலுமினியத்தாலும் முன்பக்க மட்கார்டு பிளாஸ்டிக்காலும் ஆனவை; அங்கே காந்தம் எப்போதுமே ஒட்டாது. எனவே இடப்பக்கக் கதவில் ஒட்டிய காந்தம் வலப்பக்கக் கதவின் அதே உயரத்திலும் ஒட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.