ஷெட்யூலர்: அட்டவணையா, முறைவைப்பா?

கணினி வட்டுக்கு வரும் கோரிக்கைகளில் எதை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்யும் 'டிஸ்க் ஷெட்யூலிங்' என்பதைத் தமிழில் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் 'வட்டு அட்டவணைப்படுத்தல்' என்று எழுதிவிடுகிறார்கள். 'வட்டு திட்டமிடல்' என்றும் சிலர் எழுதுவதுண்டு. இரண்டு பேரும் அகராதியைத் திறந்திருக்கிறார்கள், வட்டு என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை.

முதலில் சொல்லின் கதை. லத்தீனில் 'ஸ்கெடா' என்றால் பாப்பிரஸ் கீற்று. அதில் சின்னது 'ஸ்கெடுலா'. நம்மூரில் சொன்னால் ஓலை நறுக்கு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது வெறும் துண்டுச் சீட்டுதான். ஜெர்மன்காரர்கள் இன்றும் சீட்டுக்கு 'ட்செட்டல்' என்கிறார்கள், அதுவும் இதே வேர். அப்புறம் சட்டப் பத்திரத்தின் கடைசியில் இணைக்கும் பட்டியலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ் இடம்பெற்றிருக்கும் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணை அந்தப் பொருளில்தான். அதில் மணியும் இல்லை, நிமிடமும் இல்லை. ரயில் ஓடத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில்தான் அமெரிக்காவில் அது நேரப்பட்டியல் ஆனது. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டபோது பொருள் இன்னொரு தடவை நகர்ந்தது: பலர் ஒரு பொருளுக்குக் காத்திருக்கும்போது அடுத்து யார் என்று தீர்மானிப்பது. இங்கே முன்கூட்டிப் போட்ட பட்டியல் எதுவும் கிடையாது. யார் எப்போது வருவார்கள் என்றே தெரியாது. அதைப் போய் அட்டவணை என்றால் எப்படி?

சுழலும் வட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வாசிக்கும் தலை, தகவல் இருக்கும் வட்டத் தடத்துக்கு நகர்ந்து சேரச் சராசரியாக எட்டு, ஒன்பது மில்லிநொடி. தேடும் இடம் தலைக்குக் கீழே வர இன்னும் அரைச் சுற்று, அதாவது 4.2. ஆக ஒரு சிதறிய வாசிப்புக்கு ஏறக்குறைய 12.5 மில்லிநொடி, நொடிக்கு 80 வாசிப்பு. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் ஒரு தடவைக்கு எடுப்பது 8 கேபி பக்கம். பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு முக்கால் எம்பிகூடத் தேறாது. அதே வட்டு வரிசையாக வாசித்தால் நொடிக்கு 150 எம்பி சாதாரணமாகத் தரும். இந்த இடைவெளியைக் குறைக்கப் பார்ப்பதுதான் ஷெட்யூலரின் பிழைப்பு.

வந்த வரிசைப்படியே கொடுத்தால் தலை அங்கும் இங்கும் அலையும். தலைக்குப் பக்கத்தில் இருப்பதையே முதலில் எடுத்தால் வேகம் கூடும், ஆனால் ஓரத்துத் தடத்தில் காத்திருப்பவருக்கு முறை வரவே வராது. ஆற்றுப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தலைமடைக்காரர் வயல் நிறைந்துகொண்டே இருக்கும், கடைமடை காயும். அதனால்தான் அங்கே முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். வட்டில் இதற்கு ஒரு வழி, தலையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போகவிட்டு, வழியில் இருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போய்த் திரும்புவது. பீட்டர் டென்னிங் 1967இல் இந்த முறைகளை ஆராய்ந்து எழுதினார். மாடி ஏறி இறங்கும் லிஃப்ட்டைப் போல இருப்பதால் இதற்கு எலிவேட்டர் என்றே பெயர். லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலில் இந்தப் பகுதி இருக்கும் கோப்பின் பெயரும் அதுதான்.

லினக்ஸின் 'டெட்லைன்' முறை கடைமடைக்காரருக்கு ஓர் உறுதியும் தருகிறது. எழுதுபவரைவிட வாசிப்பவருக்கு அவசரம் அதிகம் என்பது அதன் கணக்கு: வாசிப்புக்கு அரை நொடி, எழுதுவதற்கு 5 நொடி. கெடு தாண்டினால் தலை எங்கே நின்றாலும் அடுத்து அவரைக் கவனிக்கப் பார்க்கும். டேட்டாபேஸுக்கு இது பொருந்திவரும். வினவலுக்காக ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மெமரியில் சேர்ந்த மாற்றங்களை அவ்வப்போது வட்டுக்கு அனுப்பும் செக்பாயிண்டில் கொட்டும் எழுத்து கொஞ்சம் பொறுக்கும்.

ஆனால் 2006இலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இயல்பாக இருந்தது சிஎஃப்கியூ என்ற முறை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது புரோசஸுக்கும், ஒரு நேரத்துண்டு, முழு நியாயம். அதே புரோசஸ் அடுத்த கோரிக்கையை அனுப்புமோ என்று 8 மில்லிநொடி சும்மா காத்திருக்கவும் செய்யும். மேசைக் கணினிக்குச் சரி. போஸ்ட்கிரஸிலோ ஒவ்வோர் இணைப்பும் தனி புரோசஸ், அதனால் இந்தக் காத்திருப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இரவு அறிக்கை ஓடும்போதெல்லாம் பில் கவுண்டர் உறைந்துபோகும். எங்கள் ஆட்கள் இண்டெக்ஸ் போட்டார்கள், மெமரி ஏற்றினார்கள், அசையவில்லை. வட்டின் வேகத்தைக் காட்டும் ஐயோஸ்டாட் கருவியில் காத்திருப்பு நேரம் நூறு மில்லிநொடியைத் தாண்டி நின்றது. கடைசியில் ஷெட்யூலர் கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றி 'டெட்லைன்' என்று எழுதியதும் கவுண்டர் நகர ஆரம்பித்தது. அதற்காக நான் ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை, வேறு எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தோம்.

இதில் ஷெட்யூலரால் தொட முடியாத ஒரு சங்கதி கமிட். 'சேமித்துவிட்டேன்' என்று சொல்வதற்கு முன் டேட்டாபேஸ் தன் பதிவேட்டை வட்டில் நிஜமாகவே எழுதியாக வேண்டும். அடுத்த கமிட்டுக்கு அந்த இடம் மறுபடி சுற்றி வர வேண்டும். நொடிக்கு 120 சுற்று என்றால், ஒரே இணைப்பில் நொடிக்கு 120 கமிட்தான் உச்சம். அதே வட்டு 2,000 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அது தன் தற்காலிக நினைவகமான கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு 'எழுதிவிட்டேன்' என்று பொய் சொல்கிறது, கரண்ட் போனால் தெரியும். கரண்ட் போனாலும் கேஷில் உள்ளதைக் காக்கும், பேட்டரி வைத்த ரெய்டு கண்ட்ரோலருக்கு (பல வட்டுகளைச் சேர்த்து இயக்கும் அட்டைக்கு) அவ்வளவு விலை கொடுத்தது இதற்காகத்தான்.

சுழலும் பாகமே இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வந்ததும் காட்சி மாறிவிட்டது. அதில் தலையும் இல்லை, தடமும் இல்லை. 'திடநிலை வட்டு' என்கிறோம், வட்டும் இல்லை. சாட்டா என்ற பழைய இணைப்பில் வரும் வட்டு தன் வரிசையில் 32 கோரிக்கைகளை வைத்துக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கென்று வந்த என்விஎம்இ என்ற இணைப்புத் தரப்படி 65,535 வரிசைகள் இருக்கலாம். அங்கே கோரிக்கைகளை இடவாரியாக அடுக்குவது செயலிக்கு வீண் வேலை. 2019இல் வந்த லினக்ஸ் 5.0 சிஎஃப்கியூவைத் தூக்கியே விட்டது. போஸ்ட்கிரஸில் மட்டும் பழைய வட்டின் நினைவு, எந்த வழியில் வாசிப்பது என்று அது கணக்குப் போடும் எண்ணாக இருக்கிறது: சிதறிய பக்கத்தின் விலை 4, வரிசைப் பக்கத்தின் விலை 1. எஸ்எஸ்டி வாங்கிய பிறகும் இதை மாற்றாமல், இண்டெக்ஸ் இருந்தும் ஏன் முழு டேபிளையும் படிக்கிறது என்று திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலரும் 1.1 என்று வைக்கிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை: ஷெட்யூலிங் 'முறைவைப்பு', ஷெட்யூலர் 'முறைவைப்பான்', டிஸ்க் ஷெட்யூலிங் 'வட்டு முறைவைப்பு'. கூட்ட நேரத்தையோ பேருந்து நேரத்தையோ குறிக்கும்போது அட்டவணை தாராளமாக இருக்கட்டும். என்விஎம்இக்குப் பலர் வைக்கும் 'நன்' (none, ஷெட்யூலர் எதுவும் இல்லை) என்ற தேர்வைத்தான் எப்படிப் பெயர்ப்பது என்று பிடிபடவில்லை. 'முறையற்றது' என்று எழுதினால் வேறு ஏதோ வழக்கு மாதிரி ஒலிக்கிறது. இப்போதைக்கு 'முறைவைப்பு வேண்டாம்' என்று எழுதுகிறேன்.