வலி வரும்வரை காத்திருக்கக் கூடாத கர்ப்பம்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மாசமாக இருக்கும் பெண்ணுக்குச் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஆறுதல், "வலி எடுத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கலாம்" என்பதுதான். கர்ப்பப்பையின் வடிவம் பிறவியிலேயே மாறியிருக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவருக்கு வரக்கூடிய பெரிய ஆபத்துகளில் ஒன்று வலியே இல்லாமல் வரும்.

தாயின் வயிற்றில் இருக்கும் பெண் சிசுவுக்குக் கர்ப்பப்பை இரண்டு தனிக் குழாய்களாகத்தான் தொடங்குகிறது. முல்லேரியன் குழாய்கள் என்று பெயர். மூன்றாம் மாத வாக்கில் இவற்றின் கீழ்ப்பகுதிகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நடுவிலுள்ள தடுப்பு கரைந்து ஒரே அறையாகிவிடும். ஒட்டாமலே போனால் இரட்டைக் கர்ப்பப்பை. அரைகுறையாக ஒட்டினால் மேலே இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். ஒரு குழாய் மட்டும் வளர்ந்தால் ஒற்றைக் கொம்பு. ஒட்டிய பிறகு தடுப்பு மட்டும் கரையாவிட்டால் வெளியே ஒரே வீடு, உள்ளே நடுச்சுவர். கர்ப்பப்பையின் உள்ளே மேல்பகுதி லேசாகப் பள்ளமாக இருப்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 பெண்களில் ஒருவருக்கு இப்படி ஏதாவது இருக்கும். பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரும், கருவும் தரிக்கும் என்பதால் தெரியாமலே போய்விடும். கிரகணத்தில் வெளியே வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மாமியார்கள் மன்னிக்கவும். சிறுநீரகமும் அதே காலத்தில் பக்கத்திலேயே உருவாவதால் சிலருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமலும் இருக்கலாம். அதையும் ஒருமுறை ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. வயிறு பெரிதானபின் கர்ப்பப்பை இழுபட்டு, அதன் உருவம் சரியாகப் பிடிபடாது. தொடக்க வாரங்களில் கரு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். ஒற்றைக் கொம்புக்குப் பக்கத்தில் வளராத சிறு கொம்பு ஒன்று இருந்து, அதில் கரு தங்கிவிட்டால் அது வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டும். திடீரென்று கடும் வயிற்றுவலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் உடனே 108. நர்ஸம்மா வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

அடுத்தது கர்ப்பப்பை வாய். வடிவம் மாறிய கர்ப்பப்பையில் இடம் குறைவு, சிலருக்கு வாய்ப்பகுதியே பலவீனம். ஐந்தாம் மாதம் நெருங்கும்போது அது சத்தமில்லாமல் சுருங்கித் திறக்கத் தொடங்கலாம். அடிவயிற்றில் கொஞ்சம் கனம், வெள்ளைப்படுதல் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் தெரியும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண் அதை வேலைக் களைப்பு என்றே நினைப்பார். அதனால் 16 முதல் 24 வாரம் வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் வாயின் நீளத்தை அளக்கிறார்கள். இதற்குச் சிறுநீரைக் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். பிறப்புறுப்பின் வழியாக மெல்லிய கருவியை வைத்துப் பார்ப்பார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால், நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தி வாயை நீளமாகக் காட்டிவிடும். மூன்று முறை அளந்து, இருப்பதில் குறைந்த அளவை எழுதுவார்கள். கூச்சமாக இருக்கும், வலிக்காது, குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் புரோஜெஸ்டிரான் மருந்தா, வாயில் தையலா என்று மருத்துவர் முடிவு செய்வார். கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தால் குறைப்பிரசவம் நின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

28 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் எடை, தொப்புள்கொடி ரத்த ஓட்டம், தலை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். திரும்ப இடமில்லாமல் பிள்ளை கால் கீழாகவே இருந்துவிடுவது இவர்களுக்குச் சகஜம். ஆபரேஷன் தேவைப்படுவதும் அதிகம்.

இங்கேதான் தூரம் குறுக்கே வருகிறது. 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது முழுசாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கி.மீ.க்கு மேல், அங்கிருந்து மதுரை இன்னும் 100 கி.மீ.க்கு மேல். வலி முற்றிய பிறகு பாலம் தாண்டினால் ஊசிக்கு ஏது நேரம்? ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிறந்தவுடன் குழந்தையைத் தீவிர சிகிச்சையில் வைக்க எங்கே வசதி, கடைசி வாரங்களில் யார் வீட்டில் தங்குவது என்பதை ஆறாம் மாதத்திலேயே பேசி வைப்பது நல்லது. மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. ஆனால் இந்தப் பெண்களுக்கு மாதம் ஒருமுறை என்பது சில கட்டங்களில் போதாது.

இன்னொன்று, வளைகாப்பு. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, பாம்பனிலிருந்து சாயல்குடிக்கோ தொண்டிக்கோ தாய்வீடு அனுப்புவோம். கண்காணிப்பு நெருக்கமாக வேண்டிய நேரத்தில் ஊரும் டாக்டரும் மாறிவிடுகிறார்கள். சீர்வரிசையோடு முதல் ஸ்கேன் முதல் எல்லா ரிப்போர்ட்டும், கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் போக வேண்டும். ஃபைலின் மேலட்டையில் கர்ப்பப்பை என்ன வடிவம், தையல் போட்டிருக்கிறதா, எந்த வாரம் பிரிக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தால், ராத்திரி டியூட்டியில் இருக்கும் புது டாக்டருக்கு அரைமணி நேரம் மிச்சமாகும்.