த்ரம்ப்ளே என்ற பெயரைப் பார்க்காதீர்கள், பாட்டி பிறந்த ஊரைக் கேளுங்கள்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மான்ட்ரியலில் மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கொஞ்ச நாள் முன்பு ஒரு இளம் ஜோடி வந்தார்கள், குழந்தை பெற்றுக்கொள்ளும் யோசனையில். கணவரின் குடும்பப் பெயர் த்ரம்ப்ளே. உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "குழந்தைக்குப் பரம்பரை நோய் வருமோ என்று பார்த்தால் என் பெயர்தான் பிரச்சினை, இல்லையா?" என்றார். மனைவிக்கு ஐரிஷ் குடும்பப் பெயர். தனக்கு மரபணு டெஸ்ட்டே தேவைப்படாது என்று நினைத்திருந்தார். இரண்டு பேர் நினைத்ததும் தப்பு.

பிரான்சில் ஒரு மரம் உண்டு, நம் அரச மரம் மாதிரி காற்று லேசாகப் பட்டாலே இலையெல்லாம் படபடக்கும். அதன் பிரெஞ்சுப் பெயருக்கே நடுங்குவது என்றுதான் பொருள். அந்த மரங்கள் கூட்டமாக நின்ற இடம் த்ரம்ப்ளே, அந்த இடத்துக்காரரையும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு அது குடும்பப் பெயராகிவிட்டது. இப்படிப்பட்ட இடங்கள் அங்கே பல. பாரிஸின் பெரிய விமான நிலையத்தில் ஒரு பகுதிகூட த்ரம்ப்ளே என்ற ஊருக்குள்தான் வருகிறது. அதனால் பிரான்சில் இரண்டு த்ரம்ப்ளேக்கள் சந்தித்தால் சொந்தமாக இருக்க வேண்டும் என்று இல்லை.

கியூபெக்கில் அப்படிச் சொல்ல முடியாது. பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து 1647இல் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த பியேர் த்ரம்ப்ளே, 1657இல் ஓசான் ஆஷோனைக் கல்யாணம் செய்தார். 12 பிள்ளைகள். இன்று வட அமெரிக்காவில் இந்தப் பெயரோடு இருப்பவர்களில் ஏறக்குறைய எல்லாருமே அந்த ஜோடியின் வழி வந்தவர்கள், அமெரிக்கப் பக்கம் போய் 'ட்ராம்ப்ளி' ஆனவர்கள் உட்பட. கியூபெக்கில் மிக அதிகமாக இருக்கும் குடும்பப் பெயரே இதுதான்.

1838 முதல் கியூபெக்கின் ஷார்ல்வுவா பகுதியிலிருந்து குடும்பங்கள் போய், அதே மாநிலத்தின் சாகெனே பகுதியில் காடு திருத்திக் குடியேறின. கொஞ்சம் குடும்பங்கள், நிறையப் பிள்ளைகள், உள்ளுக்குள்ளேயே கல்யாணங்கள். முதலில் வந்தவர்களில் யாரோ சிலரிடம் இருந்த அரிதான மரபணு மாற்றங்கள் அங்கே பெருகிவிட்டன. கல்லீரலைத் தாக்கும் டைரோசினீமியா என்ற நோயின் கேரியர்கள், அதாவது அந்த மரபணு மாற்றத்தை அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள், சாகெனேயில் சுமார் 20 பேருக்கு ஒருவர். கேரியருக்கு எந்த நோயும் இருக்காது, ஆனால் அப்பா அம்மா இருவருமே ஒரே நோயின் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு.

இதற்கும் பெயருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். பெயர் அப்பா வழியில் மட்டும் ஒற்றைக் கோடாக வரும். மரபணு அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1024 முன்னோர் இடங்கள், அதில் பெயரைக் கொடுத்தவர் ஒரே ஒருவர். மீதி 1023 இடங்களைப் பற்றிப் பெயர் எதுவும் சொல்லாது.

அதனால்தான் கியூபெக் அரசு நான்கு நோய்களுக்கு இலவசமாகத் தரும் கேரியர் டெஸ்ட்டில் குடும்பப் பெயரைக் கேட்பதில்லை. தாத்தா பாட்டி நான்கு பேரில் ஒருவராவது சாகெனே-லாக்-செயின்ட்-ஜான், ஷார்ல்வுவா, ஹோத்-கோத்-நோர் பகுதிகளில் பிறந்தவரா என்றுதான் கேட்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்னாலேயே செய்துகொள்வது நல்லது, யோசிக்க நேரம் கிடைக்கும்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மாவைப் பெற்ற பாட்டி எங்கே பிறந்தார் என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் போனைக் கீழே வைத்து, "ஷிகூதிமியாம்" என்றார். ஷிகூதிமி சாகெனேயில்தான் இருக்கிறது. இரண்டு பேருக்குமே படிவம் எடுத்துக் கொடுத்தேன்.