கட்டிலுக்கடியில் ஒளிந்த பூனையை இழுக்காதீர்கள்

சிங்கப்பூரில் தேசிய தின ஒத்திகைக்காகப் போர்விமானங்கள் வரும் சனிக்கிழமைகளில், எனக்கு ஒன்றும் கேட்பதற்கு முன்பே எங்கள் பூனை மிளகு தலையைத் தூக்கிவிடும். இரண்டு காதுகளும் இரண்டு பக்கம் திரும்பும். அடுத்த கணம், வயிறு தரையில் உரசக் கட்டிலுக்கடியில் புகுந்துவிடும்.

நம் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனைக்கு அது 85,000 வரை போகும். எலிக்குஞ்சின் கீச்சொலியைப் பிடிக்கவென்றே அமைந்த காது. புனல் போன்ற செவிமடல் மெல்லிய ஒலியையும் குவித்து உள்ளே அனுப்புகிறது. அந்தக் காதில்தான் வாணவேடிக்கையும் வந்து விழுகிறது. பேரொலி கேட்டால் நடுச்செவியின் சிறு தசைகள் இறுகி அதைத் தணிக்கும். ஆனால் இறுகுவதற்குச் சில பத்து மில்லிவிநாடிகள் தேவை; வெடிச்சத்தம் அதற்குள் உள்ளே போய்விடுகிறது. உடனே உடல் துள்ளுகிறது, அட்ரினலின் பாய்கிறது, கண்மணி விரிகிறது. பூனை வேட்டையாடும் விலங்கு மட்டுமல்ல, பெரிய விலங்குகளுக்கு இரையும்கூட. எனவே அது முதலில் தேடுவது மறைவிடம்.

ஒளிவது பூனையின் மருந்து. 2014இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிய அட்டைப்பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட விரைவாக அமைதியடைந்தன. தேற்றுவதாக நினைத்து வெளியே இழுத்தால், அந்த மருந்தைப் பிடுங்குகிறோம்.

சன்னலை மூடினால் சடசடப்பு நன்றாகக் குறையும்; உயர்ந்த ஒலிகளைக் கண்ணாடி எளிதில் தடுக்கும். விமான உறுமலும் சிங்க நடன முரசின் அதிர்வும் சுவரையே கடந்து வரும். அதற்கு மின்விசிறியை ஓடவிடுங்கள். அறையில் சீரான இரைச்சல் இருந்தால், திடீர் ஒலி அவ்வளவு துருத்திக்கொண்டு கேட்காது.

சிங்கப்பூரில் பட்டாசுக்கு 1972 முதல் தடை. அதனால் தீபாவளியன்று நான் அதிகம் அஞ்சுவது விருந்தினருக்காகத் திறந்தே கிடக்கும் வாசல் கேட்டைத்தான். மிரண்ட பூனை வழி பார்த்து ஓடாது. பதினோராவது மாடியில் வலையில்லாத சன்னல் என்றால் நினைக்கவே நடுங்குகிறது. 2024 செப்டம்பர் முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்கலாம். அதற்குத் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள நுண்சில்லு (மைக்ரோசிப்) கட்டாயம். சில்லோடு பதிவான தொலைபேசி எண் இன்னும் உங்களுடையதுதானா என்று பண்டிகைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மிகவும் மிரளும் பூனைக்குக் கால்நடை மருத்துவர் மருந்து தருவார். சில வாரங்கள் முன்னதாகவே கேளுங்கள். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைத் தொடவே வேண்டாம், அது பூனையைக் கொன்றுவிடும். சத்தம் ஓய்ந்த பிறகு மணல்தட்டைக் கவனியுங்கள். அச்சம் சில பூனைகளின் சிறுநீர்ப்பையைப் பாதிக்கும். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.