தமிழ் எஸ்.எம்.எஸ் குப்பையாகப் போனால்

"இங்கிலீஷ் சரியாப் போகுது, தமிழும் சிங்களமும்தான் குழம்புது." கொழும்பில் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் எஸ்.எம்.எஸ் மென்பொருள் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. நான் முதலில் கேட்பது ஸ்கிரீன்ஷாட். குப்பையிலும் வகை உண்டு.

வரிசையாகக் கேள்விக்குறி தெரிந்தால் எழுத்து வழியிலேயே செத்துவிட்டது. ஜிஎஸ்எம் என்ற கைபேசித் தரத்தில், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அடிப்படை 7-பிட் அட்டவணையில் 128 இடங்கள்தான். தமிழுக்கு அதில் இடமில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடை அதற்குள் திணித்த நிரல், இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு '?' போட்டுவிட்டு மூச்சுவிடாமல் இருந்திருக்கிறது. இனி மீட்க முடியாது. மாற்ற முடியாதபோது பிழை காட்டி நின்றுவிடும் நிரலே எவ்வளவோ மேல்.

சீனமும் கொரியமும் கலந்து தெரிந்தால் பதற வேண்டாம், தமிழ் உயிரோடுதான் இருக்கிறது. தமிழை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்பும் யூசிஎஸ்-2 என்ற 16-பிட் முறையில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட். அவை முன்பின்னாக மாறியதால் 'க' சீனமாகவும் 'ம' கொரியமாகவும் தெரிகின்றன. எஸ்.எம்.எஸ்ஸில் உயர்மதிப்புள்ள பைட் முன்னால் வரவேண்டும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரல்தளத்தில் வெறுமனே 'யூனிகோட்' என்று கேட்டால் கிடைப்பதோ தலைகீழ் வரிசை.

மின்னஞ்சல் முகவரி '@' வந்த இடத்தோடு அறுகிறதா? ஜிஎஸ்எம் அட்டவணையில் '@'இன் எண் 0. சி நிரல்மொழியில் 0 என்றால் எழுத்துச்சரம் முடிந்தது என்று அர்த்தம். (யார் இந்த எண்ணைக் கொடுத்தார்களோ!)

அடுத்தது காசு. ஒரு செய்திக்குள் 140 பைட்: 7-பிட்டில் 160 எழுத்து, யூசிஎஸ்-2இல் 70 குறி. நீண்டு பல துண்டானால் துண்டுக்கு முறையே 153, 67. கண்ணுக்கு 'வெள்ளவத்தை' ஆறு எழுத்து. மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணக்கில் பத்து. மும்மொழியையும் ஒரே செய்தியில் போட்டால் இங்கிலீஷ் பகுதியும் 16-பிட் விலைக்குப் போகும். வேர்டில் இருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறி ஒன்றே அதற்குப் போதும். ஆகவே வாடிக்கையாளரின் மொழியைப் பதிவின்போதே கேட்டு, அந்த மொழியில் மட்டும் அனுப்புங்கள்.

தமிழுக்கென 7-பிட் அட்டவணை ஒன்று ஜிஎஸ்எம் தரத்தில் இருக்கத்தான் செய்கிறது. பெறும் போன் அதை அறியாவிட்டால் பயனில்லை. சிங்களத்துக்கு அதுவும் இல்லை.

சிங்களம் என்றதும் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத குறிகளை 'சுத்தம்' செய்யும் நிரல்கள், எழுத்துகளை ஒட்டவைக்கும் இணைப்புக்குறியையும் (ZWJ) துடைத்துவிடும். அது போனால் சிங்களத்தில் 'ஸ்ரீ லங்கா'வின் முதல் எழுத்தே உடைந்து தெரியும். சோதனை வரியில் அந்தச் சொல்லையும் ஒரு '@'ஐயும் சேர்த்துவிடுங்கள்.