புலி பார்க்கப் போய் குரங்குக் கடியோடு வருகிறவர்கள்

குற்றாலத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்பாசமுத்திரம் ரோட்டில் வெளியூர் வண்டிகள் கூடிவிடும். அகஸ்தியர் அருவியில் குளியல், அப்படியே மேலே சொரிமுத்து அய்யனார் கோயில், காரையாறு அணை என்று ஒரு சுற்று. அன்று சாயங்காலமே அதில் ஒன்றிரண்டு வண்டிகள் என் கிளினிக் வாசலில் வந்து நிற்கும்.

இவர்களில் பலருக்கு, தாங்கள் போய்வந்தது புலிகள் காப்பகம் என்பதே தெரியாது. பாபநாசம் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக்கும் மதுபாட்டிலும் இருக்கிறதா என்று பையைத் துழாவுகிறார்களே, அதைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயம். களக்காடு 1976-ல் சரணாலயமானது, முக்கியமாக சிங்கவால் குரங்குக்காக. இரண்டையும் சேர்த்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். இப்போது மாநிலத்தில் இப்படி ஐந்து இருக்கின்றன.

இங்கே வருகிறவர்களானாலும் சரி, முதுமலை, பந்திப்பூர், ரந்தம்பூர் என்று ஜீப் சபாரி போகிறவர்களானாலும் சரி, கிளம்புவதற்கு முன் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "புலி ஒண்ணும் செஞ்சிராதுல்லா டாக்டர்?" புலி கடித்து ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. வருவதெல்லாம் குரங்குக் கடி, சர்க்கரை இறங்கி மயக்கம், பாசிப் பாறையில் வழுக்கி உடைந்த மணிக்கட்டு, அப்புறம் பத்து நாள் கழித்து உண்ணிக் காய்ச்சல். இதற்கெல்லாம் யாரும் முன்கூட்டி எதுவும் கேட்பதில்லை.

குரங்கிலிருந்தே தொடங்குகிறேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். சின்னப் பெண், கையில் முறுக்குப் பாக்கெட். அருவிக்குப் போகும் வழியில் குரங்கு பாக்கெட்டைப் பிடித்து இழுத்திருக்கிறது, குழந்தையும் விடாமல் இழுத்திருக்கிறது. முன்கையில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. அந்தக் காயத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை, ஏனென்றால் மேலே காப்பிப்பொடி அப்பியிருந்தது. ஆச்சி கைவைத்தியம். அப்பா என்னிடம் நிம்மதியாகச் சொன்னார்: "வர்ற வழியில டிடி ஊசி போட்டாச்சு டாக்டர். ஒரு தடவை நீங்களும் பாத்துட்டா கிளம்பிருவோம்."

இந்த டிடி ஊசி விஷயத்தை எத்தனை தடவை சொன்னாலும் தீராது. டிடி என்பது ரண ஜன்னிக்கு. அதற்கும் வெறிநோய்க்கும், அதாவது ரேபிஸுக்கும், ஒரு சம்பந்தமும் இல்லை. நாய்க்கு மட்டும்தான் ரேபிஸ் வரும் என்ற நினைப்பு நம்மூரில் பலமாக இருக்கிறது. குரங்குக்கும் வரும். கடித்த குரங்குக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று பிடித்து வைத்துப் பார்க்கவா முடியும்? அதனால் காட்டில் எந்தப் பாலூட்டி கடித்தாலும் ரேபிஸ் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் வைத்தியம் செய்கிறோம். நோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. சரியான நேரத்தில் ஊசி போட்டுவிட்டால் நோய் வருவதும் அநேகமாக இல்லை. நடுவாந்தரமாக ஒன்றும் கிடையாது.

முதல் வேலை கழுவுவது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், பதினைந்து நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் பதினைந்து நிமிஷம் என்பது நினைப்பதைவிட ரொம்ப நீளம். அருவியிலும் ஆற்றிலும் சோப்பு கூடாது என்பது நல்ல விதி, அதை மீறச் சொல்லவில்லை. ஒரு சின்னச் சோப்பைக் காயத்துக்கென்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் இறங்காமல், தள்ளி நின்று, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கழுவலாம். மஞ்சள்பொடி, சுண்ணாம்பு, மிளகாய்வற்றல், காப்பிப்பொடி எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டும் வேண்டாம்.

அடுத்தது தடுப்பூசி. "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியா?" என்று இன்னும் பயப்படுகிறார்கள். அதெல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது கையில்தான். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக, தோலுக்குள் போடும் முறையில், முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வரக் கடித்திருந்தால் இது மட்டும் போதாது. காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஆரம்பிக்கச் சில நாட்கள் ஆகும். அதுவரை காவல் நிற்பது இந்த மருந்துதான். எல்லாச் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் எல்லா நேரத்திலும் இது இருக்காது. அந்தப் பெண்ணை நான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குடும்பத்துக்கு எரிச்சல்தான், ராத்திரிக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்றிருந்தவர்கள். மீதி ஊசிகளை உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே தொடரலாம், சீட்டை மட்டும் தொலைக்காதீர்கள் என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை.

குரங்கு சும்மா கடிப்பதில்லை. யாரோ போன வாரம் பழம் கொடுத்திருப்பார்கள். இந்த வாரம் வருகிறவர் கையிலும் அது இருக்கும் என்று அதற்குத் தெரியும். "ஆஞ்சநேயருக்குக் குடுக்கோம், புண்ணியம்" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்தப் புண்ணியத்தின் பலனை வேறொருத்தர் பிள்ளை வாங்கிக்கொண்டு என்னிடம் வருகிறது என்று மட்டும் சொல்லுவேன். குரங்கை முறைத்துப் பார்ப்பதும், பல்லைக் காட்டிச் சிரிப்பதும் அதன் பாஷையில் சண்டைக்குக் கூப்பிடுவது. செல்பிக்கு நாம் செய்வது இரண்டும் அதுதான். பிடுங்க வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அல்வாப் பொட்டலம் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், திருநெல்வேலியில் அதற்கா பஞ்சம்!

நோய் அங்கிருந்து இங்கே மட்டும் வருவதில்லை. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குக் கோவிட் வந்து இரண்டு இறந்துபோனது நினைவிருக்கும். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் மிருகங்களைப் பார்க்கும் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் முறை. நாம் கடித்துப் போட்ட பழத்தைத்தான் குரங்கு எடுத்துத் தின்கிறது.

இனி சபாரி. வெளியூர்க் காப்பகங்களில் காலை சபாரி ஆறு, ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடும். சர்க்கரை நோயாளிகள் செய்வது என்ன தெரியுமா? எழுந்ததும் வழக்கம்போல இன்சுலினைப் போட்டுவிட்டு, அல்லது கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, "வந்து இட்லி சாப்பிட்டுக்கிடலாம்" என்று வண்டியில் ஏறிவிடுவார்கள். ஒன்பதரை மணி வரை வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது. எட்டு மணிக்குக் கை நடுங்கும், வேர்க்கும். பக்கத்தில் இருப்பவர் காட்டுக் குளிர் என்று சால்வை போர்த்திவிடுவார். குளிரில் யாருக்காவது வேர்க்குமா? வேர்வையும் நடுக்கமும் சேர்ந்து வந்தால் அது சர்க்கரை இறங்குகிறது. குளுக்கோஸ் பொடியோ நாலு சர்க்கரைக் கட்டியோ சட்டைப் பையில் இருக்கட்டும். வண்டிக்குள் தின்பண்டம் கூடாது என்று சொல்வார்கள், இது மருந்து என்று ஓட்டுநரிடம் ஏறும்போதே சொல்லி வைத்துவிடுங்கள். மருந்தையும் சாப்பாட்டையும் அன்று எப்படி மாற்றிக்கொள்வது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

திறந்த ஜீப்பில் கடைசி வரிசை அதிகம் தூக்கிப்போடும். முதுகுவலிக்காரர்கள் முன்வரிசை கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளும் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் ஜீப்பையே விட்டுவிடலாம். மாஞ்சோலை மாதிரி வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை அரைமணி நேரம் முன்னால் போட வேண்டும், வாந்தி எடுத்த பிறகு அல்ல.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். தாமிரபரணியில் மேலே அணையிலிருந்து மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்தால் ஆற்றின் அளவு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடும். கால் எட்டும் இடம் அரைமணியில் எட்டாமல் போகும். தடுப்புப் போட்ட இடத்துக்கு அப்பால் "நான் கம்மாயில் நீஞ்சினவன்ல்லா" என்று இறங்குகிற இளவட்டங்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். கம்மாய்த் தண்ணீர் நிற்கிற தண்ணீர், இது பாறைக்கு நடுவே சுழிக்கிற தண்ணீர். படகிலும் அப்படித்தான். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிருகம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நகர்ந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். லைஃப் ஜாக்கெட் கசகசக்கிறது என்று கழற்றி மடியில் வைக்காதீர்கள்.

பாம்பு, அட்டை பற்றித்தான் நிறையப் பயம். அட்டை கடித்தால் கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காது, அவ்வளவுதான். உப்போ நகமோ வைத்து விடுவித்துவிட்டு, கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், பாம்பைத் தேடி அடிக்கவும் போகாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் வேலை செய்யும். மலைக்காட்டில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது பொருந்தாது. அதனால்தான் புல்லுக்குள்ளும் கல்லிடுக்கிலும் கையை விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். காட்டுக்குள் பல இடங்களில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. 108-ஐ அழுத்திக்கொண்டே நிற்காமல் அருகில் உள்ள வனத்துறை ஆளிடம் போங்கள்.

பெரிய மிருகத்தில் நம் மலையடிவாரத்தில் பயப்பட வேண்டியது கரடிக்கு. 2022-ல் கடையம் பக்கம் ஒரே கரடி மூன்று பேரைக் குதறியது. கரடி முகத்தைத்தான் குறிவைக்கும். விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் தனியாக நடந்துபோகாதீர்கள்.

கடைசியாக, வீடு திரும்பிய பிறகு வரும் நோய். பாளையங்கோட்டை இளைஞர் ஒருவர், கேமராவும் கையுமாகக் கர்நாடகப் பக்கம் சபாரி போய்வந்தவர். ஜீப்பில் பத்திரமாகத்தான் இருந்தார். தங்கிய வீட்டின் பின்னால் புல்தரையில் படுத்து நட்சத்திரம் எடுத்திருக்கிறார். பத்து நாளுக்கு மேல் ஆன பிறகு காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. டெங்கு பரிசோதனை, டைபாய்டு பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று. என்னிடம் வந்தபோது சட்டை பனியனைக் கழற்றி, பெல்ட்டையும் தளர்த்தச் சொன்னேன். ஏகத்துக்கும் கூச்சப்பட்டார். இடுப்பில், பெல்ட் படுகிற இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அவரே பார்த்திருக்கவில்லை. ஸ்க்ரப் டைபஸ். நம்மூரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடிப்பதால் வருவது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் அநேகம் பேருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், அவருக்கும் இறங்கியது. விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். பொருக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. இருந்தாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடத்திலேயே இருக்கும்.

இது காட்டுக்கு மட்டுமே உரியதும் அல்ல. வயல் வரப்பிலும் வரும், மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் அதிகம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிறவர்கள் தரையில் தடித்த ஜமுக்காளமாவது விரியுங்கள். முழுக்கால் சட்டை, அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது, பூச்சிவிரட்டிக் களிம்பு, திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளியல், போட்டிருந்த துணியை உடனே வெந்நீரில் துவைப்பது. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், பரவாயில்லை.

முதுமலை, பந்திப்பூர், வயநாடு பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டுபிடிக்கப்பட்ட குரங்குக் காய்ச்சல் அந்தப் பக்கக் காடுகளிலும் உண்டு, பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மே வரை. அதைப் பரப்புவது வேறு வகை உண்ணி. குரங்கு செத்துக் கிடப்பதைப் பார்த்தால் கிட்டே போய்ப் படம் எடுக்காமல் வனத்துறையிடம் சொல்லுங்கள். செத்த குரங்கைவிட்டு இறங்கும் உண்ணி அங்கேயேதான் இருக்கும்.

காட்டிலிருந்து திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் டாக்டர் நீங்கள் எங்கே போனீர்கள் என்று கேட்காமலும் போகலாம். கூட்டமான ஓபியில் அவருக்கு அது தோன்றாது. எந்தக் காடு, எந்தத் தேதி, புல்லில் உட்கார்ந்தீர்களா, ஏதாவது கடித்ததா என்று நீங்களே முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். கிளம்பும் முன் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, பெல்ட் படுகிற இடம் வரை ஒரு தடவை பார்த்துவிட்டும் போங்கள்.