மூங்கில் அணத்தான்: சொல் விளக்கம்

மூங்கில் அணத்தான் என்பது, கங்கைக்குத் தெற்கே இந்தியாவின் இலையுதிர் காடுகளிலும் முட்புதர்க் காடுகளிலும் வாழும் ஒரு சிறு பாலூட்டியின் தமிழ்ப் பெயர். அணத்தான் என்பது அணிலைக் குறிக்கும் வழக்குச்சொல். ஆகவே தொடரின் பொருள் மூங்கில் அணில். மலையாளத்தில் அணிலுக்கு அண்ணான் என்று பெயர் வழங்குவதால், கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பகுதியினருக்கு இச்சொல் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. மேல்நோக்குதலைக் குறிக்கும் 'அண்' என்னும் வேரிலிருந்து இதை வருவிக்கும் ஆசை யாருக்கும் எழும். ஆனால் ஒலியொப்புமை மட்டுமே சான்றாகிவிடாது.

1913ஆம் ஆண்டில் மார்க்கஸ் வார்டு லயன் என்னும் அமெரிக்க விலங்கியலாளர் இவ்விலங்குக்கெனத் தனிப் பேரினம் (நெருங்கிய இனங்களை அடக்கும் அறிவியல் தொகுதி) வகுத்தபோது, இந்தத் தமிழ்ப் பெயரையே இலத்தீனாக்கி அனத்தானா என்று வைத்தார். இனப்பெயரான எலியோட்டி, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய சர் வால்டர் எலியட்டைக் குறிப்பது. இதன் தென்கிழக்காசிய உறவினங்களுக்குரிய துபையா என்னும் பேரினப் பெயரும் அணிலைக் குறிக்கும் 'துபை' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்தே வந்தது. இரண்டு மொழியினர் ஒரே கண்கொண்டு பார்த்திருக்கின்றனர்.

அவர்களுடைய பார்வையில் பிழை காண்பதற்கில்லை. உடலும் வாலும் ஏறத்தாழ ஒரே நீளம், ஒவ்வொன்றும் 16 முதல் 19 செ.மீ. வரை, எடை 160 கிராம் அளவு, வாலில் அடர்ந்த மயிர். பகலில்தான் இரை தேடும். ஆயினும் கூர்ந்து நோக்கினால் மூக்கு நீண்டிருக்கும். தோளில் ஒரு வெளிறிய கோடு தெரியும். நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணிலின் முதுகிலுள்ள மூன்று வரிகள் இதற்கு இல்லை. கொட்டையைக் கொறிக்கும் உளிப்பற்களும் கிடையா. கீழ்முன்பற்கள் முன்னோக்கி நீண்டு, மயிரைக் கோதும் சீப்பாகப் பயன்படுகின்றன. மரத்தில் ஏறத் தெரிந்திருந்தும், பெரும்பாலும் தரையிலும் பாறையிடுக்குகளிலும் எறும்பு, புழு, பூச்சி, உதிர்ந்த பழம் ஆகியவற்றைத் தேடித் திரிகிறது. சேர்வராயன் மலையில் 1970களில் நேரில் கவனித்து எழுதப்பட்ட குறிப்புகள்தாம் இவ்விலங்கின் நடத்தை பற்றிக் கிடைக்கும் முதன்மையான சான்றுகள்.

பாடநூல் நடையில் எழுதுவோர் 'ட்ரீ ஷ்ரூ' என்னும் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'மர மூஞ்சூறு' என்கின்றனர். இது மூஞ்சூறும் அன்று. விலங்கியல் வகைப்பாட்டில் மூஞ்சூறு வேறு வரிசையைச் சேர்ந்தது. ஒருகாலத்தில் பூச்சியுண்ணிகளோடும் பின்னர்க் குரங்கினத்தோடும் சேர்த்து வைக்கப்பட்ட இவ்விலங்கு, இன்று 'ஏறிகள்' என்னும் பொருளுடைய தனி வரிசையில் இடம்பெற்றிருக்கிறது. அணிலென்பதும் பிழை, மூஞ்சூறென்பதும் பிழை என்னும் நிலையில், மக்கள் வைத்த பெயரைக் கைவிட்டு மொழிபெயர்ப்புப் பெயரை ஏற்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நீர்நாய் நாயன்று, மரநாயும் நாயன்று. அதனால் யாரும் அப்பெயர்களை மாற்றவில்லை.

அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களைக் கணிக்கும் உலகச் செம்பட்டியலில் இது உடனடி அபாயத்தில் உள்ள இனமாகக் குறிக்கப்படவில்லை. ஆனால் இதன் வாழ்விடமாகிய காடு விறகுக்கும் மேய்ச்சலுக்கும் கல்லுடைப்புக்கும் ஓயாது சுருங்கிவருகிறது. குமரி மாவட்டத்தில் காடு என்றால் கோதையாறு, பேச்சிப்பாறைப் பக்கத்து ஈரக்காட்டையே நினைக்கிறோம். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முட்புதர் நிலத்தைப் பொட்டல் என்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்விலங்கு வாழும் நிலங்களுள் அத்தகைய பொட்டலும் ஒன்று.

இதன் இளம் உயிருக்குரிய பெயரையும் சொல்லிவிட வேண்டும். 'மூங்கா வெருகெலி மூவரி யணிலொடு ஆங்கவை நான்குங் குட்டிக் குரிய' என்பது தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் இயலிலுள்ள நூற்பா; மூங்கா, வெருகு (பூனை), எலி, மூவரி அணில் ஆகிய நான்கின் இளமையையும் குட்டி எனலாம் என்பது இதன் பொருள். இங்கே மூங்கா என்பதற்குக் கீரி என்று பொருள் கொள்வர். ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு அதை மூங்கிலோடு முடிச்சுப் போடலாகாது. எனினும் அணிலுக்குரிய மரபை ஒட்டி, மூங்கில் அணத்தானின் இளமையையும் குட்டி என்று எழுதுவதே பொருந்தும்.